துணை அட்டை

ஒற்றை எலுமிச்சம்பழத்துக்குக் கார்டை நீட்டும் பெண் ஒருத்தியை மதிப்பளவை ஆணையம் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு அரைக்கிலோ கத்திரிக்காயும் சேர்த்து வாங்கியிருப்பேன்.

காய்கறிக் கடைக்காரர் வழக்கம்போல் எலுமிச்சம்பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுக்கும் மெஷினா?"

"ஆமா."

"மெஷினைத் தேடி எடுத்து, தொடச்சு, சிக்னல் கிடைக்குதான்னு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து, சீட்டுக் கிழிச்சுக் குடுக்கிற நேரத்துல நாலு பேருக்கு வெங்காயம் நிறுத்துடுவேன். சும்மா எடுத்துட்டுப் போயேன்."

"சும்மா வேணாம். கார்டுல போடுங்க."

"உனக்குப் பழம் வேணுமா, சீட்டு வேணுமா?"

உண்மையைச் சொன்னால் இரண்டும் வேண்டாம். அந்த மெஷின் கீச்சென்று கத்திய அடுத்த நொடி, ரயிலில் ஒரு பகல் தூரத்திலிருக்கும் இன்னொரு ஊரில் என் அக்காவின் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். எனக்கு வேண்டியது அதுதான். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆணையத்தில் கடைசிவரை யாரும் என்னைச் சொல்ல விடவில்லை.

என்னிடம் இருப்பது துணை அட்டை. கணக்கு அக்காவுடையது, மெயின் கார்டும் அவளிடம். வேலை கிடைத்து நான் இந்த ஊருக்கு வந்தபோது, "அவசரத்துக்கு வச்சுக்கோ" என்று கையில் திணித்து அனுப்பினாள். செலவழித்ததை மாதக் கடைசியில் அவள் கணக்கில் போட்டுவிடுவேன். அதில் ஒரு சிக்கலும் வந்ததில்லை. சிக்கல் வந்தது திரைச்சீலையில்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னோடு தங்க வந்தவள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் என் ஜன்னல் திரைகளைக் கழற்றிவிட்டுத் தனக்குப் பிடித்த பழுப்பு நிறத் திரைகளை மாட்டி வைத்திருந்தாள். நான் வந்து கழற்றினேன். அவள் மறுபடி மாட்டினாள். மூன்றாவது முறை கழற்றும்போது இரண்டு பேரும் திரைச்சீலைக்குச் சம்பந்தமே இல்லாத பல விஷயங்களைப் பேசித் தீர்த்துவிட்டோம். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். அதோடு பேச்சு நின்றது. எங்கள் குடும்பத்தில் பேசுவதில் எல்லோரும் சுமார்தான். பேசாமல் இருப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

கார்டை மட்டும் அவள் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. கேட்கவும் கொடுக்கவும் யாராவது ஒருவர் வாயைத் திறக்க வேண்டுமே.

சண்டைக்குப் பிறகு ஒரு நாள் காய்ச்சலோடு மருந்துக்கடையில் கார்டைத் தேய்த்தேன். மறுநாளும் தேய்த்தேன். அதற்கு அடுத்த காலையில் வங்கியிலிருந்து ஒரு செய்தி: 'உங்கள் துணை அட்டையின் செலவு வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது.' அந்த வரம்பைக் கூட்டவும் குறைக்கவும் மெயின் கார்டு வைத்திருப்பவரால்தான் முடியும். படுத்தபடியே அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து வங்கியுடையது, குரல் அக்காவுடையது. 'நல்ல டாக்டராப் போய்ப் பாருடி' என்றது அந்தக் குரல்.

அன்றிலிருந்து கைப்பையில் காசு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். காய்கறிக் கடையில் சின்னத் தொகை என்றால் நன்றாக இருக்கிறேன், சமைத்துச் சாப்பிடுகிறேன் என்று அர்த்தம். அவள் பிறந்தநாள் அன்று கேக் கடை. கோபம் வந்தால், அவளுக்கு ஆகவே ஆகாத அந்தச் செருப்புக் கடையில் செருப்பு. செருப்பு வாங்கிய அன்று வரம்பில் ஐந்நூறு குறைந்தது. குளிர்காலத்தில் அடுத்தடுத்து ஐஸ்கிரீம் கடைக்குப் போனபோது இன்னொரு நூறு. இப்படியாக நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருந்துவந்தோம்.

இந்த நிலையில்தான் அன்று வெங்காய மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். நடு வயது, கழுத்தில் டை, டையில் வெங்காயச் சருகு.

"மேடம், ஒரு நிமிஷம். மதிப்பளவை ஆணையம்."

நான் ஏதோ அபராதம் என்று நினைத்தேன். காய்கறிக் கடைக்காரர் தராசை மறைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க. மக்கள் கார்டுல பணம் கட்டறதை எவ்வளவு மதிக்கிறாங்கன்னு அளக்கிற ஆணையம். நீங்க எவ்வளவு மதிக்கிறீங்க?"

"மரியாதையாவா கேக்கறீங்க?"

"மதிப்பு மேடம்."

"மதிப்புன்னா, இருக்கு. நிறையவே இருக்கு."

"எண்ணாச் சொல்லுங்க."

அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. அவள் மேல் எனக்கு இருக்கும் மதிப்பை எண்ணால் சொல்லச் சொன்னால் எதில் தொடங்குவேன்? நான் விழித்ததைப் பார்த்து டைக்காரர் உதவிக்கு வந்தார்.

"சரி, வேற மாதிரி கேக்கறேன். ஒரு மாசம் இந்தக் கார்டைத் தொடாம இருக்கணும். அதுக்கு நாங்க பணம் தருவோம். நூறு குடுத்தா சம்மதமா?"

"இல்லை."

"இருநூறு?"

"வேண்டாம்ங்க."

"ஐந்நூறு?"

காய்கறிக் கடைக்காரர் குறுக்கே வந்தார். "சார், எனக்கு அந்த நூறைக் குடுங்க. மெஷினையே தூக்கிச் சாக்கடையில போட்டுடறேன்."

டைக்காரர் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆயிரம் என்றார், இரண்டாயிரம் என்றார், ஐயாயிரம் என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் கடைவாசலுக்குப் போய் யாரையோ கைபேசியில் கூப்பிட்டு, "கிடைச்சுட்டாங்க மேடம்" என்றார்.

*

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். இருட்டறையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முதல்ல போட்டது தெளிவா, இப்பப் போட்டது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பது என் பிழைப்பு. நாலைந்து முறைக்கு மேல் யாரும் எழுத்தைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. நான் எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று என் குரலைக் கேட்டுச் சொல்வார்கள். நானும் அதைத் தெரிந்துகொண்டேதான் எழுதிக்கொள்வேன். இத்தனை வருஷம் கேள்வி கேட்கும் பக்கத்தில் நின்றவளை, மறுநாள் ஆணையத்தின் ஏழு மாடிக் கட்டடத்தில் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

அதற்கு முன்னால் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. 'கார்டே கண்ணியம்' என்று ஆளுயர எழுத்தில் பலகை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'பார்வையாளர் சீட்டு பத்து. சரியான சில்லறை தரவும்.'

நான் கார்டை எடுத்தேன். சீட்டுக் கொடுப்பவர் அதை ஏதோ பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இங்க கார்டு வாங்கறதில்லைம்மா."

"கார்டு ஆணையம்தானே இது?"

"ஆராய்ச்சிக் கட்டடம்மா. இங்க கார்டைப் பத்தி யோசிக்க மட்டும்தான் செய்வோம்."

டைக்காரர் தன் சட்டைப்பையைத் துழாவி எனக்காகச் சில்லறை கொடுத்தார்.

துணை இயக்குநர் என்னைவிடப் பத்து வயது மூத்த பெண். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, அதைத் தேடியபடியே வரவேற்றார். அந்தக் கண்ணாடி அவருக்குப் பொருந்தாத அளவில் இருந்தது. சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

"உங்களை மாதிரி ஒரு ஆளுக்காகத்தான் இந்த நாற்காலி காலியா இருந்துச்சு" என்றார். "இதுவரைக்கும் ஆயிரக்கணக்கான பேரைக் கேட்டாச்சு. சராசரியா எவ்வளவு சொன்னாங்க தெரியுமா? நூத்தி இருபது. அதுவும் ஒரு மாசம் முழுக்க. அந்தக் கேள்வியைக் கேக்கறதுக்கு எங்களுக்கு ஆன செலவு ஆளுக்கு ஆயிரத்தி எண்ணூறு. இந்தக் கணக்கை எந்த முகத்தோட வெளியில சொல்றது? மக்களுக்குத் தங்களோட விருப்பத்தை மதிக்கத் தெரியலை. அதனால ஆணையம் பொறுமையாக் காத்திருந்துச்சு."

"ஆனா நான் ஒரே ஒரு ஆள்தானே?"

"மத்தவங்களைப் பிழைன்னு எடுத்துடலாம். அதுக்குத் தனிப் பிரிவு இருக்கு. அஞ்சாவது மாடி. இத்தனை நாளா அவங்களுக்கும் வேலையில்லாம இருந்துச்சு, பாவம்."

முதலில் என் கார்டின் எடையைப் பார்த்தார்கள். பிறகு என் எடையைக் கார்டோடும் கார்டில்லாமலும் பார்த்தார்கள். எடை மாறவில்லை. எந்திரம் பழுது என்று எழுதிக்கொண்டார்கள். அதன்பின் கார்டை என் முன்னால் மேஜைமேல் வைத்தார்கள்.

"இப்ப எப்படி இருக்கு மேடம்?"

"ஒண்ணும் இல்லையே, நல்லா இருக்கேன்."

கார்டு ஒரு மேஜை தள்ளிப் போனது. "இப்ப?"

"பரவாயில்லை."

கார்டு அறையின் கோடியிலிருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பெட்டியைப் பூட்டிச் சாவியைத் துணை இயக்குநர் தன் கைப்பையில் போட்டார். "இப்ப?"

"அதை எப்பத் திருப்பித் தருவீங்க?"

மூன்று பேர் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கினார்கள்.

"ஆண்டு விழா வரைக்கும் இங்கேயே இருக்கட்டும்" என்றார் துணை இயக்குநர். "ஒரு வாரம், பத்து நாள். கையில இருக்கிற வரைக்கும் எதோட மதிப்பையும் அளக்க முடியாது. இழந்தாத்தான் அளக்கலாம். அது விஞ்ஞானம்."

"மேடம், நான் அந்தக் கார்டுல பணம் கட்டினாத்தான் என் அக்காவுக்கு..."

"குடும்ப உறுப்பினர்கள் பத்தின கேள்விகள் அடுத்த வருஷ ஆய்வுல வருது."

"இல்லை, காரணமே அதுதான்..."

"காரணம் எங்களுக்கு வேண்டாம்" என்றார் அன்பாக. "காரணம் கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கூட்டிப் பாக்க முடியறதில்லை. எங்களுக்குத் தொகை போதும்."

பிறகு ஏலம் தொடர்ந்தது. பத்தாயிரம், ஐம்பதாயிரம், லட்சம். ஒவ்வொரு முறையும் அவர் குரலில் அந்த எதிர்பார்ப்பைக் கேட்டேன். நான் இருட்டறையில் கேட்கும் அதே குரல். எதிர்நாற்காலியில் இருப்பவர் என்ன சொன்னால் நிம்மதி கிடைக்கும் என்று காட்டிக்கொடுக்கும் குரல். ஒரு லட்சத்தில் என் வீட்டு ஒழுகல் நிற்கும் என்று ஒரு கணம் யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கிக்கொண்டால், ஒரு மாதம் அக்காவிடம் நான் பேசாமல் இருந்ததற்குக் கூலி வாங்கிய மாதிரி ஆகும். அதுவரை கூலி இல்லாமல்தான் அதைச் செய்துவந்தேன்.

"அஞ்சு லட்சம்?"

"வேண்டாம். கார்டைக் குடுத்துடுங்க."

ஐந்து லட்சத்துக்கு மேல் கேட்க ஆணையத்துக்கு நிதி ஒப்புதல் இல்லை. துணை இயக்குநர் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

*

கார்டு இல்லாமல் வெளியே வந்த அன்று மாலை, வங்கிக்குப் போய் என் சம்பளக் கணக்கிலிருந்து கொஞ்சம் நோட்டு எடுத்தேன். காய்கறிக் கடையில் காசைக் கொடுத்து எலுமிச்சம்பழம் வாங்கினேன். கடைக்காரருக்கு ஒரே பூரிப்பு. "இப்பத்தான் மனுஷியா ஆனே" என்றார்.

காசைக் கொடுத்தேன், பழத்தை வாங்கினேன், அவ்வளவுதான், முடிந்துவிட்டது. நான் எலுமிச்சம்பழம் வாங்கியது எனக்கும் அவருக்கும் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் அதற்குள் மறந்திருப்பார். அன்று நடந்து வந்தேன், சமைத்தேன், சாப்பிட்டேன். எதுவும் நடக்காதது மாதிரியே இருந்தது. தனியாக இருப்பவர்கள் வீட்டுக்குள் சத்தமாக ஏதாவது சொல்லிப் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் இத்தனை நாள் அதைக் கார்டில் செய்துகொண்டிருந்தேன் போலிருக்கிறது.

அக்காவைக் கைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். எண் மனப்பாடம். விரல் அதன்மேல் வரை போகும், அங்கேயே நிற்கும். கூப்பிட்டுவிட்டால் யார் முதலில் பேசியது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அந்த விடையோடு மிச்ச ஆயுள் முழுக்க வாழ வேண்டும்.

தினமும் காலையில் டைக்காரர் கண்ணாடிக் கடைக்கு வந்தார். ஏக்கக் கண்காணிப்பு அவர் பொறுப்பு.

"இன்னிக்கு ஏக்கம் எத்தனை மேடம்? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள."

"எதுக்கான ஏக்கம்?"

"கார்டுக்கான ஏக்கம்."

"அதுக்கு இல்லை."

"அப்போ எட்டுன்னு போட்டுக்கறேன். இல்லைன்னு சொல்றவங்களுக்கு எட்டு. அழுதா ஒன்பது."

பாவம், அவரும் நல்ல மனிதர்தான். ஒரு நாள் அவர் கண்ணைப் பரிசோதித்துப் பார்த்தேன். தூரப் பார்வை துல்லியம். கிட்டத்தில் இருப்பதுதான் தெரியவில்லை. கண்ணாடி போடச் சொன்னேன். "ஆணையத்துல கிட்டப் பாக்கிற வேலை எனக்கு இல்லை மேடம்" என்றார்.

அவர் எதிரில் இருக்கும்போதுதான் முதல் செய்தி வந்தது. 'உங்கள் துணை அட்டையின் செலவு வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது.'

'ஏண்டி, சத்தத்தையே காணோம்?' என்றது அதற்குள்ளிருந்த அக்காவின் குரல்.

டைக்காரர் எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா? நீங்க கார்டையே தொடலை. வங்கி வரம்பை உயர்த்துது!" என்று பரபரவென்று குறித்துக்கொண்டார்.

மறுநாள் வரம்பு இரண்டு மடங்கு ஆனது. அதற்கு அடுத்த நாள் மூன்று மடங்கு. எங்கடி இருக்கே? உடம்பு சரியில்லையா? பணம் போதலையா? ஒரு நாள் மத்தியானம் ஒரேயடியாக ஒன்று என்று குறைந்தது. ஆயிரமும் இல்லை, நூறும் இல்லை, வெறும் ஒரு ரூபாய். என்னைச் சீண்டிப் பார்க்கிறாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியிருப்பாள். மாலைக்குள் அவளுக்கே பயம் வந்திருக்க வேண்டும். வரம்பு மறுபடி ஏறி, அவளுடைய முழுத் தொகைக்கும் போய் நின்றது. இருக்கிறதையெல்லாம் எடுத்துக்கோடி, ஒரே ஒரு பழமாவது வாங்குடி.

அன்று டைக்காரரிடம் ஏக்கம் பத்து என்று நானே சொன்னேன். ஆணையத்துக்குப் போய்ப் பெட்டியைத் திறக்கச் சொல்லியும் கெஞ்சினேன். துணை இயக்குநர் என் கண்ணைத் துடைத்துவிட்டு, துடைத்த கைக்குட்டையை ஓர் உறையில் போட்டு மூடினார்.

"இன்னும் ரெண்டே நாள். மேடையில தலைவர் கையால வாங்கிக்கலாம்."

*

ஆணையக் கட்டடத்திலேயே இருந்த ஆண்டு விழா மண்டபத்தில் ஆயிரம் நாற்காலி இருந்தது. முன்வரிசையில் ஆட்களும் இருந்தார்கள். மேடை நடுவில் சிவப்புத் துணி விரித்த மேஜையில் கண்ணாடிப் பெட்டி, அதற்குமேல் ஒரு தனி விளக்கு. எலுமிச்சம்பழச் சாறு பட்டு ஓரம் வெளிறிய என் கார்டு அந்த வெளிச்சத்தில் கூச்சப்பட்டுக்கொண்டு கிடந்தது. என்னை அதற்குப் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள்.

தலைவர் எழுந்தார். நீண்ட நேரம் தொண்டையைச் செருமினார்.

"பெரியோர்களே, இந்த ஆணையம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் கேட்டேன். என்னைத் தலைவராகப் போட்டார்கள், அதன் பிறகு கேட்கவில்லை. உங்களிடம் கார்டு இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். இல்லை. நடுநிலைமை முக்கியம் அல்லவா? என் செலவையெல்லாம் ஆணையமே பார்த்துக்கொள்கிறது. நான் பணப்பையைத் திறந்து பார்த்தே வருஷக்கணக்காகிறது. ஆகவே பணம் கட்டுவதைப் பற்றி என்னைப்போல் விருப்பு வெறுப்பில்லாமல் பேசக்கூடியவர் வேறு யாரும் இல்லை."

கைதட்டல்.

"இதோ இந்தச் சகோதரி. ஐந்து லட்சம் கொடுத்தும் தன் கார்டை விடவில்லை. பிரிவு தாங்காமல் கண்ணீர் விட்டிருக்கிறார், கைக்குட்டை பக்கத்து அறையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது. அவருடைய பாசத்தைப் பார்த்து வங்கியே மனமுருகி வரம்பை உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறது. எனவே, கார்டில் பணம் கட்டுவதற்கு மக்கள் தரும் மதிப்பு விலைமதிப்பற்றது என்று ஆணையம் இன்று அறிவிக்கிறது! விலைமதிப்பற்ற ஒன்றை அளந்து முடிக்க ஓர் ஆணையம் போதாது. இன்னும் மூன்று..."

"ஏண்டி!"

மண்டபத்தின் பின்கதவு திறந்திருந்தது. கையில் அதே பழைய பெட்டி. முடி கொஞ்சம் நரைத்திருந்தது. இரண்டு வருஷத்தில் குரல் மட்டும் மாறவே இல்லை. அவளுக்குப் பின்னால் காய்கறிக் கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். வழி காட்ட வந்திருக்கிறார்.

"ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு, ஒத்தை எலுமிச்சம்பழம்கூட வாங்காம என்னடி பண்ணிட்டிருக்கே? வீடு பூட்டிக் கிடக்கு. இவர்தான் நீ உயிரோட இருக்கேன்னு சொன்னார்."

"நான் வாங்கினேன்க்கா. காசு குடுத்து வாங்கினேன்."

"காசு குடுத்து வாங்கினா எனக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோன் பண்ணியிருக்கலாமே?"

"நீ பண்ணியிருக்கலாமே?"

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ரயில்ல வர்றது சுலபமா இருந்துச்சு" என்றாள், கொஞ்சம் தணிந்த குரலில்.

தலைவர் ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, "இவங்க யாரு?" என்று கேட்டார். மூடியது சரியாக மூடவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நான்தான் மெயின் கார்டு" என்றாள் அக்கா. "இவ என் துணை."

முன்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. துணை இயக்குநர் கும்பிடப் போனவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அக்கா யாரையும் பொருட்படுத்தாமல் மேடையேறி, கண்ணாடிப் பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"இதை எதுக்கு விளக்குப் போட்டு வச்சிருக்கீங்க? திறங்க. அவ கார்டு."

"இப்போதைக்கு இது ஆணையத்தின் மாதிரிப் பொருள்" என்றார் தலைவர். "விழா முடிந்து, மேலிட ஒப்புதல் பெற்று..."

அக்கா கைபேசியை எடுத்தாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ஒரே விரலால், அவள் எப்போதும் அழுத்துவதுபோல் தேவைக்கு மேல் பலமாக அழுத்தினாள். என் கைப்பையில் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். 'உங்கள் துணை அட்டை ரத்து செய்யப்பட்டுள்ளது.'

"வச்சுக்கோங்க" என்றாள். "இப்ப வெறும் பிளாஸ்டிக்."

அவள் எதிரிலேயே நிற்கிறாள், கைநீட்டினால் தொடலாம். இருந்தும் நான் அந்தப் பெட்டியைத்தான் பார்த்தேன். இரண்டு வருஷமாக நாங்கள் நடந்து வந்த ஒரே ஒற்றையடிப் பாதை அது. காய்ச்சல், கேக், செருப்பு எல்லாம் அதன் வழியாகத்தான் போயின. இனி எனக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

டைக்காரர் பேனாவோடு ஓடி வந்தார். "மேடம், இப்ப ஏக்கம் எத்தனை?"

"தெரியலைங்க" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அவர் எட்டு என்று போட்டுக்கொண்டார்.

தலைவர் ஒரு கணம் தடுமாறினார். துணை இயக்குநர் எழுந்துபோய் அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் முகம் மலர்ந்தது.

"பெரியோர்களே! இந்தக் கார்டை இனி யாராலும் செலவழிக்க முடியாது. ஆகவே இதன் மதிப்பு இனி குறையவே குறையாது! நம் ஆணையத்தின் முதல் நிரந்தர மதிப்பு இதுதான்!"

கைதட்டல் ஓயவில்லை. நாங்கள் மூன்று பேரும் படியிறங்கி வெளியே வந்தது யாருக்கும் தெரியவில்லை. வாசலில் சீட்டுக் கொடுப்பவர் மட்டும் அக்காவிடம் பார்வையாளர் சீட்டுக்குப் பத்து கேட்டார். அவள் பார்த்த பார்வையில் அவரே தன் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார்.

*

காய்கறிக் கடைக்காரர் கடையைத் திறந்து போட்டுவிட்டு வந்தவர், முன்னால் விரைந்தார். நாங்கள் பின்னால் நடந்தோம். அக்காவின் பெட்டியை நான் வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். அவள் தரவில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவளே கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழக்கதோஷம்.

தெருமுனையில் அவள் கேட்டாள். "ஜன்னலுக்கு என்ன கலர் மாட்டியிருக்கே இப்ப?"

"பச்சை."

"தெரியும். அந்தக் கடையில அந்த விலைக்கு வேற என்ன குடுப்பான்?"

காய்கறிக் கடைக்காரர் அதற்குள் தன் இடத்தில் உட்கார்ந்து, வெங்காயம் கேட்டு நின்றவரை அனுப்பியிருந்தார். என்னைக் கண்டதும் பழக்கத்தில் கை தானாக மெஷினைத் துழாவியது. சட்டென்று நினைவு வந்து, கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் கூடையைப் பார்த்தேன். பக்கத்தில் அக்கா நின்று முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரியே தொடங்கினேன்.

"அக்கா."

"ம்."

"காய்கறிக் கடை. எலுமிச்சம்பழம். ரெண்டு."

அவள் முருங்கைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் ஒடிப்பதை நிறுத்தியிருந்தாள். கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. வங்கிச் செய்தி வருவதற்கும் இப்படித்தான் கொஞ்சம் நேரமாகும்.

"எதுக்கு ரெண்டு?" என்றாள் கடைசியில். "ஒண்ணு போதும்."

வரம்பு குறைக்கப்பட்டுள்ளது.

"மூணாக் குடுங்க" என்றேன் கடைக்காரரிடம், காசை எடுத்து நீட்டிக்கொண்டே.